உங்க வலதா, எங்க வலதா?

இந்தக் கட்டுரையில் 'நான்' என்று ஒருவன் வருவான். அவன் கொஞ்சம் நல்லவனாகவும் கொஞ்சம் புத்திசாலியாகவும் தெரிந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். எழுதுகிறவன் நான். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது தராசுத் தட்டில் கட்டைவிரல் படாமல் நிறுக்க யாராலும் முடியாது.

நம் பள்ளியின் தமிழ்த்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள், தங்கைகள் நீங்கள். சிறுகதை நடத்துவதைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. எங்களுக்கு மணி அடித்து நிறுத்த ஆள் கிடையாது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். படியுங்கள்.

நோக்குநிலை என்று ஒரு பாடம் உண்டு. கதையை யார் சொல்கிறார், எங்கே நின்று பார்த்துச் சொல்கிறார் என்பது. அதற்குப் பக்கத்திலேயே நம்பகமற்ற கதைசொல்லி என்று இன்னொன்று. கதை சொல்கிறவனே நம்மை ஏய்க்கிறான், அல்லது தன்னைத்தானே ஏய்த்துக்கொள்கிறான் என்பது. இந்த இரண்டையும் சங்கரன்கோவிலில் என்னைவிட அதிக ஆண்டுகள் நடத்தியவர் கிடையாது. என்னைவிட மோசமாக நடத்தியவரும் கிடையாது.

அப்போது பதினோராம் வகுப்புக்கு ஒரு பழைய சிறுகதை இருந்தது. பிள்ளைகள் அதை வேலிக்கதை என்பார்கள். ஒரு மனிதர் 'நான், நான்' என்று தன் கதையைச் சொல்லுவார். வேலிக்கு அந்தப்புறம் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தன்மேல் தீராத பகை என்பது அவர் கட்சி. அவர் சொல்வதைக் கேளுங்கள்: எனக்குக் காய்ச்சல் வந்தபோது பால் கொடுத்து அனுப்பினான், தன்னிடம் மாடு இருப்பதைக் காட்டிக்கொள்ள. என் கூரை பற்றி எரிந்தபோது முதல் ஆளாக ஓடி வந்தான், எரிவதைப் பக்கத்திலிருந்து பார்க்க. அவன் கையில் தீக்காயம்கூடப் பட்டது, அனுதாபம் தேட. கதை முழுக்க இப்படியே போகும். கடைசிவரை அந்த 'நான்' தன் தப்பை உணரவே மாட்டார். உணர வேண்டியது படிக்கிறவன்.

என் வகுப்பில் படிக்கிறவனும் உணர மாட்டான். நான் கரும்பலகையில் வரையறையை எழுதிப் போடுவேன். பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையால் கோடு போடுவார்கள். தேர்வில் வரையறை ஒரு புள்ளி பிசகாமல் வரும். அடுத்த வினாவில் பக்கத்து வீட்டுக்காரரின் குணநலன்களைக் கேட்டிருந்தால், 'அவர் கொடியவர், பொறாமை பிடித்தவர், பால் கொடுத்துக் கெடுப்பவர்' என்று வரும். கையெழுத்து அழகாக இருந்தால் நான் மதிப்பெண்ணும் போடுவேன்.

ஒருமுறை ஒரு பையன் எழுந்து கேட்டான்.

"சார், பொய் சொல்லுதவன் கதைய எப்படி சார் பாடப்புத்தகத்துல போடுவாவ?"

எவ்வளவு நல்ல கேள்வி! அச்சில் வந்தது எல்லாம் மெய் என்று நினைக்கிற ஒரு பிள்ளை, முதல் முறையாகச் சந்தேகப்படுகிறான். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பாடம் நடத்தலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சிலபஸ்ல இருக்குலே. உக்காரு."

இந்த லட்சணத்தில் நான் இருந்தபோதுதான் ஜெனிபா டீச்சர் வந்தார்.

புளியங்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தற்காலிக ஆசிரியை. நிர்வாகம் கொடுக்கிற சம்பளம். வெளியே சொன்னால் பள்ளிக்கு மரியாதை இல்லை. அப்பா உடம்புக்கு முடியாமல் ஜவுளிக்கடையை மூடிவிட்டார். வீட்டுக்குப் போகிற ஒரே சம்பளம் இவருடையதுதான். அந்த வருஷம் தமிழில் ஒரு நிரந்தர இடம் காலியானது. பள்ளிச் செயலரின் கொழுந்தியாள் மகள் ஒருத்தி எம்.ஏ. முடித்துவிட்டு அந்த இடத்துக்காகவே வீட்டில் காத்திருந்தாள். ஆனால் செயலர் நியாயஸ்தர் என்று பெயரெடுக்க ஆசைப்பட்டவர். அதனால் ஜெனிபா டீச்சரைக் கூப்பிட்டு, "ஆய்வுக்கு வார அதிகாரி ஒங்க கிளாஸ பாப்பாரு. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா ஒங்களையே போட்டுருதேன். சொல்லலன்னா எம்மேல வருத்தப்படக் கூடாது" என்றார். சொல்லும்போதே அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை.

அந்த அம்மா வகுப்பெடுப்பதை முதலில் நான் கேட்டது எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசுக்கு மறுநாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே சத்தம். அதட்டலாம் என்று நின்றேன்.

"நேத்து தபசுல என்ன பாத்தீங்க? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முன் பெஞ்சில் இருக்கும் கோமதி எழுந்தாள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் பிள்ளை. "நான் எங்க மாமா வீட்டு மாடியிலேருந்து பாத்தேன் டீச்சர். சாமி காட்சி குடுத்ததும் எல்லாரும் பருத்தியும் மொளகா வத்தலும் அள்ளி வீசுனாங்களா, அப்படியே பூ மழ மாதிரி இருந்துச்சு."

கடைசி பெஞ்சில் பேச்சிமுத்து. கரிவலம்வந்தநல்லூர்ப் பையன். அவனை எழுப்பினார்.

"நான் கீழ கூட்டத்துல நின்னேன் டீச்சர். வத்தலு கண்ணுல விழுந்துட்டு. அதுக்குப் பொறவு ஒண்ணும் பாக்கல."

வகுப்பு சிரித்து முடிக்கும்வரை டீச்சர் காத்திருந்தார். "ஒரே தபசுதான? ஒருத்தி பூ மழங்கா, ஒருத்தன் கண்ணு எரிஞ்சுதுங்கான். ரெண்டுல எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்ல டீச்சர். நின்ன எடம் வேற" என்றது நாலைந்து குரல்.

அடுத்து ஒருவன் எழுந்து, தானே சப்பரத்துக்குத் தோள் கொடுத்ததாகச் சொன்னான். வகுப்பே கொதித்துவிட்டது. "பொய் டீச்சர்! பூரா நேரமும் ராட்டினத்துக்கிட்டதான் கெடந்தான்!"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தோளுல ஒரு செவப்புகூட இல்ல பாருங்க டீச்சர். அதோட, அவன் சொல்லுத கதைல எல்லாம் அவந்தான் பெரியாளு."

நான் இத்தனை காலம் சிவப்பு மையில் கோடு போட்டு நடத்திய இரண்டு பாடங்களும் முடிந்துவிட்டன. வரையறை எழுதாமல், புத்தகத்தைத் திறக்காமல். வராந்தாவில் நின்ற எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பொறாமை என்று எழுத மாட்டேன். மூட்டுவலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே ஆய்வு என்று தகவல் வந்துவிட்டது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் இளையவர், அதிகாரத்தில் மூத்தவர்.

"வே, அந்தப் புள்ள நல்லா நடத்துது. ஆனா புதுசு. அதிகாரி முன்னால தடுமாறிரக் கூடாது. கொஞ்சம் பாத்துக்கிடும். அது வேல ஒம்ம கையிலதான் இருக்கு."

கையில் என்று அவர் சொன்னதுதான் வினை. எனக்கு உடனே கை வித்தை ஞாபகம் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். பேர் வேண்டாம், பேரன் பேத்திகள் நல்ல வேலைகளில் இருக்கிறார்கள். அவர்தான் எனக்கு இந்த ஞானத்தைக் கொடுத்தவர். "வே தம்பி, ஆய்வு அன்னைக்குப் புள்ளைகளுக்கு எல்லாம் தெரியணும்னு அவசியம் இல்ல. தெரிஞ்ச மாதிரி இருந்தாப் போதும். பதில் தெரிஞ்சவன வலது கையத் தூக்கச் சொல்லும். தெரியாதவன இடது கையத் தூக்கச் சொல்லும். மொத்தக் கிளாஸும் கை தூக்கும். நீரு வலது கைய மட்டும் எழுப்பி விடும். அதிகாரி மயங்கி விழுந்துருவாரு."

இந்த வித்தையை ஜெனிபா டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"வேண்டாம் சார். தெரியாதவன் தெரியாதுன்னே சொல்லட்டும். பாதிப் புள்ளைகளுக்குக் கதை நல்லாப் புரிஞ்சிருக்கு. மீதிப் பேருக்கு அன்னைக்குப் புரியட்டும்."

"ஏம்மா, நான் பாக்காத ஆய்வா? நீங்க சும்மா இருங்க" என்றேன். அனுபவம் என்பது சில நேரம் மறுக்க முடியாத முட்டாள்தனம். எதிரில் இருப்பவர் மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிடுவார். நாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

ஆய்வு நாள் காலை. அதிகாரி தலைமையாசிரியர் அறையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜெனிபா டீச்சரும் செயலரும் அங்கேயே நின்றார்கள். அந்த இடைவெளியில் நான் பதினோராம் வகுப்புக்குள் புகுந்தேன். பிள்ளைகளுக்கு எதிரே நின்று ஒத்திகையைத் தொடங்கினேன்.

"ஏலே எல்லாரும் கேட்டுக்கிடுங்க. டீச்சர் கேள்வி கேட்டா ஒருத்தர் பாக்கியில்லாம கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை. இந்தா, இப்படி." என் வலது கையைத் தூக்கினேன். "தெரியலன்னா இடது கை. இப்படி."

பேச்சிமுத்து எழுந்தான்.

"சார், உங்க வலதா, எங்க வலதா?"

"என்னலே கேள்வி இது? ஊரு உலகத்துக்கெல்லாம் வலது ஒண்ணுதான?"

"இல்ல சார், நீங்க அங்கன நிக்கீங்க. நாங்க இங்கன இருக்கோம். நீங்க தூக்குன கை எங்களுக்கு இந்தப் பக்கம்லா வருது?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. இளநீர் எவ்வளவு நேரம் தாங்கும்? "மக்கா, குழப்பாத. என்னையப் பாரு. பி.டி. சாருக்கு டிரில் செய்வீங்கள்ல, அதே மாதிரி என்னையப் பாத்துச் செய்யி."

இந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. டிரில்லில் பி.டி. சார் எதிரே நின்று தன் வலது கையைத் தூக்கினால் பிள்ளைகள் இடது கையைத் தூக்குவார்கள். கண்ணாடி பார்ப்பது மாதிரி. அப்படித்தான் அவர்களைப் பழக்கியிருந்தார்கள். அப்படியே செய்தார்கள். தெரிந்தால் இடது, தெரியாவிட்டால் வலது. எதிரே நின்ற எனக்கோ, என் வலது பக்கமாகத் தெரிந்த கைகள் எல்லாம் வலது கைகளாகவே பட்டன. அறை முழுக்கப் பனங்காடு மாதிரி கைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதே எல்லாம் என்ற பாடத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தியவன் நான். எங்கே நிற்கிறோம் என்று பார்க்காமல் நின்றவனும் நான்.

வாசலில் ஜெனிபா டீச்சர் வந்தபோது காதில் சொன்னேன். "எல்லாம் தயாரா இருக்கு. வலது கைய மட்டும் எழுப்புங்க." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

அதிகாரி கொஞ்சம் கனத்த உடம்பு. அதிகம் பேசாத மனிதர். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஒரு பக்கம் செயலர், மறு பக்கம் நான்.

டீச்சர் வேலிக்கதையிலிருந்து ஒரு பத்தியை வாசித்தார். அருமையாக வாசித்தார். பிறகு கேட்டார்: "காய்ச்சல் நேரத்துல பால் குடுத்து விட்டதுக்கு இந்த 'நான்' ஒரு காரணம் சொல்லுதாரே, அதை நம்பலாமா?"

அத்தனை கையும் உயர்ந்தது. அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

டீச்சர் முதலில் கோமதியைத்தான் பார்த்தார். கோமதியின் இடது கை மேலே இருந்தது. கோமதிக்கா தெரியாது? டீச்சர் ஒரு நொடி திகைத்தார். கடைசி பெஞ்சில் பேச்சிமுத்து வலது கையை விறைப்பாகத் தூக்கியிருந்தான். வேறு வழியில்லாமல் அவனை எழுப்பினார்.

"தெரியல டீச்சர்."

சரி, பையனுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வலது கை, நடு பெஞ்சில் ஒரு பெண்.

"எனக்கும் தெரியாது டீச்சர்."

அதற்கடுத்த வலது கை எழுந்து நின்று, திரும்பி என்னையே பார்த்தது. சொன்னபடி செய்தோமே, இன்னும் என்ன என்கிற பார்வை.

செயலரின் முகத்தில் மெல்ல விடிந்துகொண்டிருந்தது. கொழுந்தியாள் மகளுக்கு அப்போதே சேலை எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அதிகாரி முதல்முறையாக வாயைத் திறந்தார். "தம்பி, நீ கடைசி பெஞ்ச். தெரியலன்னா எதுக்குப்பா கை தூக்கினே?"

பேச்சிமுத்து பொய் சொல்லத் தெரியாத பையன். அது அவன் குணமா, சோம்பேறித்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தெரியலன்னுதான் சார் தூக்குனேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி ஜெனிபா டீச்சரைப் பார்த்தார். "இது என்ன ஏற்பாடும்மா? யார் சொல்லிக் கொடுத்தது?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் 'நான்' எழுந்து நின்றான். எழுந்தவன் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இதோடு முடிந்திருக்கும். அவன் சொன்னது இது:

"ஐயா, யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. புள்ளைகளுக்கு ஒரு ஆர்வம். நான் காலையிலேருந்து ஆசிரியர் அறையிலதான் இருந்தேன். இந்தப் பக்கமே வரல."

டீச்சரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள். நான் வரவில்லை என்றால், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு யாராக இருக்க முடியும்? அந்த அம்மாவின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிழல் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். வேலிக்கதையின் 'நான்' எழுந்து வந்து என்னோடு கைகுலுக்கியிருப்பான்.

ஜெனிபா டீச்சர் சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தார். என்னைக் கைகாட்டியிருக்கலாம். பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்திருக்கலாம். அழுதிருக்கலாம், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் அதிகாரியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. இந்தக் கிளாஸ்ல காலையில என்ன நடந்துச்சுன்னு பிள்ளைகளே சொல்லட்டும். நம்பலாமா வேண்டாமான்னும் அவங்களே முடிவு பண்ணட்டும். இன்னைக்குப் பாடமே அதுதான்."

அதிகாரி யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

"கோமதி, நீ சொல்லு."

கோமதி எழுந்தாள். "சார் வந்தாங்க டீச்சர். எல்லாரும் கை தூக்கணும்னு சொன்னாங்க. எனக்குப் பதில் தெரியும். சார் காட்டுன மாதிரியே தூக்குனேன். நீங்க என்னைய எழுப்பல." கடைசி வாக்கியத்தில்தான் அவளுக்கு உண்மையான வருத்தம் இருந்தது.

"பேச்சிமுத்து?"

"நான் அப்பவே கேட்டேன் டீச்சர், உங்க வலதா எங்க வலதான்னு. சாரு, 'குழப்பாத, என்னையப் பாத்துச் செய்யி'ன்னாங்க. செஞ்சேன். இப்பம் எல்லாரும் என்னையத்தான் பாக்காவ."

பக்கத்திலிருந்த அதிகாரி தன் வலது கையை லேசாக உயர்த்தி, எதிரே ஒரு ஆள் நிற்பதுபோல் நினைத்துப் பார்த்து, கையை இறக்கிக்கொண்டார். அவர் தொப்பை ஒருமுறை குலுங்கியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. காது சூடாகிவிட்டது.

"சரி," என்றார் டீச்சர் வகுப்பைப் பார்த்து. "சார், கோமதி, பேச்சிமுத்து, மூணு பேரு சொல்லிட்டாங்க. பேச்சிமுத்து சொல்லுறத நம்பலாமா?"

"நம்பலாம் டீச்சர்" என்றாள் கோமதி. "அவனுக்கு அதனால நட்டந்தான். பதில் தெரியலன்னு அவனே ஒத்துக்கிட்டாம்லா."

இந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரையறைக்குப் பதிலாக இதைக் கரும்பலகையில் போடலாம். சொல்கிறவனுக்குச் சொல்வதால் லாபமா, நட்டமா என்று பாருங்கள். நாங்கள் படித்த தடித்த புத்தகங்களில் எல்லாம் இதைத்தான் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள்.

அப்போது பேச்சிமுத்து தானாகவே மறுபடி எழுந்தான். எந்தக் கையையும் தூக்கவில்லை.

"டீச்சர், அந்தப் பால் கேள்விக்கு இப்பம் பதில் சொல்லலாமா?"

"சொல்லு."

"பக்கத்து வீட்டுக்காரன் நல்லவந்தான் டீச்சர். காய்ச்சலுக்குன்னுதான் பாலு குடுத்திருக்கான். கதை சொல்லுதவருதான் தன்னைய விட்டுக்குடுக்க முடியாம எல்லாத்தையும் மாத்திச் சொல்லுதாரு. ஆனா அவரும் கெட்டவரு இல்ல டீச்சர்." கொஞ்சம் தயங்கினான். "நம்ம சாரு மாதிரி."

வகுப்பு வெடித்தது. அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து முன்னால் போய், பிள்ளைகளைப் பார்த்து, என் பக்கம் கை நீட்டினார்.

"இந்த சார் காலையில இந்தப் பக்கமே வரலன்னு சொன்னார். அதை நம்பாதவங்க கை தூக்குங்க."

அத்தனை கையும் உயர்ந்தது. வலதா இடதா என்று யாருக்கும் குழப்பமே இல்லை. பேச்சிமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

எல்லோரும் தூக்கியபோது எனக்கும் கை தானாக எழுந்துவிட்டது. நானும் தூக்கினேன். அன்று வகுப்பில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

தலைமையாசிரியர் அறைக்குத் திரும்பியதும் செயலர் துக்கம் விசாரிக்கும் குரலில், "என்ன சார், இப்படி ஆயிட்டு" என்று ஆரம்பித்தார்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் நிறைய கிளாஸ் பாத்திருக்கேன். பெரியவங்க சொல்றதை நம்பலாமா வேண்டாமான்னு பிள்ளைங்க காரணத்தோட யோசிச்ச கிளாஸ் இது ஒண்ணுதான். அந்த அம்மாவை விட்டுராதீங்க." என்னைப் பார்த்தார். "அப்புறம் சார், நாங்க வாத்தியாரா இருந்தப்போ கையை நம்ப மாட்டோம். தெரிஞ்சவன் பேனாவைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கணும். அதுல வலது இடது சிக்கல் வராது."

செயலர் இளநீர்க் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நியாயஸ்தர் என்ற பெயர் லேசில் விடாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். உத்தரவு வந்தது.

ஆய்வு நடந்த அன்று சாயங்காலம் ஜெனிபா டீச்சர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வராந்தாவில் வழிமறித்து நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், இன்றைக்குப் புழுக்கம் அதிகம் என்று தொடங்கினேன்.

அவர் சிரித்துவிட்டார். "சார், நீங்க அப்படிப் பேசுனது ஒரு வகையில நல்லதாப் போச்சு. புத்தகத்துல இருக்கிற ஆளைக் காட்டிப் புரியவைக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? உயிரோட ஒருத்தர எழுந்து நிக்கவச்சா உடனே புரிஞ்சிருது."

அதற்குப் பிறகு நான் வரையறை எழுதிப் போடுவதை விட்டேன். வேலிக்கதை நடத்தும் ஒவ்வொரு வருஷமும், பிள்ளைகளிடம் இந்தக் கை விவகாரத்தை முதலில் என் கட்சியாகச் சொல்வேன். நான் எவ்வளவு நல்லெண்ணத்தோடு போனேன், பிள்ளைகள் எப்படி மாற்றிச் செய்தார்கள் என்று. எந்த இடத்தில் முதல் பிள்ளை நெளிகிறது, எந்த இடத்தில் 'சார், பொய்' என்று குரல் வருகிறது என்று காத்திருப்பேன். வந்துவிட்டால் பாடம் முடிந்தது. நீங்களும் வகுப்புக்குப் போகும்போது உங்கள் தப்பு ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்கு வாத்தியாரின் தப்பைக் கண்டுபிடிப்பதில் இருக்கிற ருசி வேறு எதிலும் கிடையாது. ஆய்வு வந்தால் ஒத்திகை மட்டும் பார்க்காதீர்கள். தெரியாது என்று ஒரு பிள்ளை தைரியமாகச் சொல்கிற வகுப்பு, அதிகாரி வந்தாலும் விழாது.

உங்கள் துறைத்தலைவி ஜெனிபா டீச்சரிடம் இந்தக் கதையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அதிகாரி கேட்டதும் நான் எழுந்து நின்று, "ஐயா, தப்பு என் மேலதான்" என்று ஒத்துக்கொண்டதாகச் சொல்கிறார். விழா மேடையிலேயே இரண்டு தடவை சொல்லிவிட்டார். முதல் தடவை மறுக்கலாம் என்று எழுந்தேன். கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

எது உண்மை என்று சந்தேகம் இருந்தால் பேச்சிமுத்துவிடம் கேளுங்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடையில் பார்சல் கட்டுகிறான், சொந்தக் கடை. எவ்வளவு கூட்டம் இருந்தாலும், தெருவில் நான் போவதைப் பார்த்துவிட்டால் கையிலிருக்கும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குவான். பழைய வாத்தியாரைப் பார்த்து எவ்வளவு பக்தியாகக் கும்பிடுகிறான் என்று கூட்டம் மெச்சுகிறது. நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.